பென்ரோஸில் ஒரு கவர்னர்

ஆக்லாந்துக்கு வந்த மூன்றாம் மாதம் எனக்கு பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உறைந்த பட்டாணி, சோளம், கரட் எல்லாவற்றையும் பைகளில் அடைக்கிற இடம். பெல்ட்டில் பைகள் ஓடி வரும். வாய் ஒட்டாததைப் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றவற்றை அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். கம்பளிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டிருந்தாலும் ஒரு மணி நேரத்தில் விரல்கள் யாருடையவோ போலாகிவிடும். அதற்கு முன் பதினொரு வருடம் நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவள்.

பெல்ட்டுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேரெதிரே நின்றவரை எல்லோரும் 'கவர்னர்' என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய, குள்ளமான, தோள் அகன்ற பெண்மணி. நரைத்த முடியை வலைத்தொப்பிக்குள் அழுத்தி வைத்திருப்பார். யாரையாவது வேலை ஏவாமல் இருக்க அவரால் முடியாது. அதற்காக வைத்த கேலிப்பெயர் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறை. அவருடையது ஸ்பானிய மொழியில் ஊறியது, என்னுடையது கச்சேரிக் கடிதங்களில் ஊறியது. அந்தப் பேச்சை இங்கே என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுத முடியும்.

"ஏன் உங்களை கவர்னர் எண்டு கூப்பிடீனம்?"

"ஏனெண்டால் நான் கவர்னராய் இருந்தனான்," என்றார், முட்டையின் கோதை உரித்துக்கொண்டே.

சிலி நாட்டின் தெற்கே, ஓயாமல் மழை பெய்கிற தீவுகளும் கடலேரிகளும் உள்ள ஒரு மாவட்டம். மீன் தகரத்தில் அடைக்கும் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள். பள்ளிக்கூட ஆசிரியையாக வேலைக்குப் போனார். பிள்ளைகள் படகில் வந்து இறங்குகிற துறையில் படிக்கட்டு இல்லை, சேற்றில் விழுந்து எழும்பித்தான் வகுப்புக்கு வருவார்கள். அந்தப் படிக்கட்டுக்காக நகரசபைத் தேர்தலில் நின்று, இருபத்தாறு வயதில் உறுப்பினரானார். சில வருடங்களில் அவருடைய கட்சிக்காரர் ஜனாதிபதியாக வந்தபோது அவரை அந்த மாவட்டத்துக்கே கவர்னராக நியமித்தார்கள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கணக்கில் பார்த்தால் அரசாங்க அதிபர்! அந்த நாற்காலியில் இருக்கிறவர் அறைக்குள் வந்தால் நாங்கள் எழுந்து நிற்போம். அப்படிப்பட்ட ஒருவர் ஒன்றரை வருடமாய் அந்த நாற்காலியில் இருந்து, இப்போது என் முன்னால் பட்டாணிப் பை அடுக்குகிறார்.

ஆனால் மரியாதை வந்ததென்று சொன்னால் பொய். அரசியல்வாதிகள் என்றாலே எனக்கு அப்போது வெறுப்பு. கச்சேரிக்கு வெள்ளை உடுப்போடு வந்து, மேசையில் தட்டிவிட்டு, வாக்குறுதியை விட்டெறிந்துவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஊரே எரிந்தபோது அவர்களில் ஒருவரையும் காணவில்லை. இவரும் அந்தச் சாதிதான் என்று எண்ணிக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பஸ் விவகாரம் தொடங்கியது.

எங்கள் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. பென்ரோஸுக்கு முதல் பஸ் ஆறரைக்கு வரும். கார் உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து என் கணவர் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார். எங்கள் வரிசையில் ஒரு தொங்கா நாட்டுப் பெண் இருந்தாள். கார் இல்லாதவள், மழையானாலும் குளிரானாலும் ஐம்பது நிமிடம் நடந்து வருவாள். பிந்தி வந்ததற்காக அவளுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

இரண்டாவது கடிதத்தை கவர்னர் சாப்பாட்டு அறையில் வாங்கி வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அறை முழுவதையும் பார்த்துக் கேட்டார்.

"இந்த பஸ் ஆரின்ர கையில இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. பஸ் வந்தால் ஏறுவோம், வராவிட்டால் நிற்போம். கவர்னர் எழுந்து சுவரோரப் பொதுத் தொலைபேசிக்குப் போனார். அந்த வாரம் முழுக்க இடைவேளைகளில் அதனருகேதான் நின்றார். எழுத்துக்கூட்டிப் பேசுவார். மறுமுனையில் வைத்துவிட்டால் மீண்டும் எடுப்பார். வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்து சொன்னார்:

"ஒரு சபை இருக்கு. அவைதான் பஸ் நேரம் தீர்மானிக்கிறது. மாசத்துக்கு ஒருக்கால் கூட்டம். ஆரும் போய்க் கதைக்கலாம். மனு எழுதுவம்."

நான் சிரித்துவிட்டேன். "மனுவுக்கு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். பதினொரு வருசம் மனுக்களை வாங்கி வச்சவள் நான்."

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். மாறாக நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அப்ப நீர்தான் எனக்கு வேணும். எந்த மனுவைத் தூக்கி மூலையில போடுவீங்கள்? எதை மேல அனுப்புவீங்கள்? சொல்லும்."

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. யோசித்துத்தான் பதில் சொன்னேன். நீளமான மனு மூலைக்குப் போகும். பத்து விஷயம் கேட்கிற மனுவும் போகும், ஏனென்றால் ஒன்பதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதித் தப்பிவிடலாம். 'ஓம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரே ஒரு கேள்வியோடு வருகிற மனுவைத்தான் தள்ளிப்போட முடியாது. அதிலும், கொடுத்த ஆள் அடுத்த கிழமையும் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு நித்திரையே வராது.

திங்கட்கிழமை அவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு பக்கம் முதலாளிகளைப் பற்றி. நான் பேனாவை எடுத்து வெட்டத் தொடங்கினேன். அவருடைய முகம் சிவந்தது.

"அது முக்கியமான பகுதி!"

"அதுக்கு அவை என்ன பதில் சொல்லுறது? ஓமெண்டா, இல்லையெண்டா?"

சற்று நேரம் என்னை முறைத்தார். பிறகு கையால் மேசையைத் தட்டிச் சிரித்தார். அரைப் பக்கத்தில் முடித்தோம். வேலை நாட்களில் காலை ஐந்தே முக்காலுக்கு முன் பென்ரோஸுக்கு ஒரு பஸ் விடுவீர்களா? அவ்வளவுதான்.

கையெழுத்து வாங்க அவர் மதிய இடைவேளையில் அந்தத் தெருவிலிருந்த மற்றத் தொழிற்சாலைகளுக்குள் நேரே நுழைந்தார். சலவைக்கூடம், பேக்கரி, களஞ்சியங்கள். நான் பின்னால் பேனா பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் மறித்தால், "ஐந்து நிமிசம். பஸ் விசயம்," என்பார். யாரையும் கெஞ்சவில்லை. நீங்கள் எப்படி வேலைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் கேட்பார், பதிலைக் கடைசிவரை நின்று கேட்பார். ஆட்கள் தாமாகவே பேனாவை வாங்குவார்கள்.

தாள் நிரம்பியபோதும் என் பெயர் அதில் இல்லை. வீட்டில் சொன்னதும் என் கணவர் பயந்துபோனார்.

"இஞ்சேரும், எங்கட விசா பேப்பர் இன்னும் வரேல்லை. வந்த இடத்தில ஏன் வம்பை விலைக்கு வாங்கிறீர்? எழுதிக் குடுத்தது போதும். பேரை வைக்காதையும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்களுக்குப் பெயர்ப்பட்டியல் என்றால் வேறு அர்த்தம். ஊரில் பட்டியலில் பெயர் இருந்தவர்களைத் தேடி வாகனம் வந்தது. என் தம்பியை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது மாதம் கழித்துத்தான் விடுவித்தார்கள். திரும்பி வந்தவன் கதவு தட்டும் சத்தத்துக்கு எழும்பி வீட்டுப் பின்வளவுக்கு ஓடுகிறவனாக மாறியிருந்தான்.

கவர்னர் தாளை என் பக்கம் நகர்த்தியபோது அதைத்தான் சொன்னேன். அவர் உடனே தாளை எடுத்து மடித்துவிட்டார்.

"என்ர பேரும் ஒரு பட்டியலில இருந்தது," என்றார். "ரேடியோவில வாசிச்சவங்கள்."

இராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுநாள் காலை, சமையலறையில் நின்று தன் பெயரைத் தானே கேட்டாராம். பட்டியலில் உள்ளவர்கள் பாசறைக்கு வந்து சரணடைய வேண்டும். தோழர்கள் படகு ஏற்பாடு செய்திருந்தார்கள், ஓடியிருக்கலாம். அவர் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, அலுவலகத் திறப்புகளையும், அதாவது சாவிகளையும், முத்திரையையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு, நடந்தே போனார்.

"ஏன் போனீங்கள்?"

"நான் ஒண்டும் களவெடுக்கேல்லை. திறப்பைக் குடுக்கவேணும் எண்டு நினைச்சன். அவ்வளவு மடச்சியாய் இருந்திருக்கிறன்." மடித்த தாளைப் பைக்குள் வைத்தார். "ஆனால் இப்ப கேட்டாலும் போவன் எண்டுதான் நினைக்கிறன்."

ஒரு உடற்பயிற்சி மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். பிறகு சிறை. அங்கே நடந்ததை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அவருடைய கணவர் சிறைக்கு இரண்டு முறை பார்க்க வந்தார், மூன்றாம் முறை வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையில் விட்டார்கள். நாலு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்து இறங்கினார். அன்றிலிருந்து பென்ரோஸ்.

"நீர் வைக்கத் தேவையில்லை," என்றார் எழும்பும்போது. "பயம் வெட்கப்படுகிற விசயமில்லை."

அவர் வற்புறுத்தியிருந்தால் நான் கடைசிவரை பெயரை வைத்திருக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து, கணவரிடம் சொல்லாமல், கவர்னரின் லொக்கரிலிருந்த தாளைக் கேட்டு வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன். கையெழுத்து கோணிப் போயிருந்தது. மாலையில் கணவரிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அவர், "சரி, வச்சாச்சு. இனி அந்த பஸ்ஸை விடாமல் வாங்குங்கோ," என்றார்.

கூட்டத்துக்கு ஒரு நாள் சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். மூன்று நிமிடம் தந்தார்கள். கவர்னர் தன்னிடமிருந்த ஒரே நீல நிறக் கோட்டைப் போட்டிருந்தார். எழுந்து நின்றதும் அவருடைய முதுகு நிமிர்ந்த விதத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. இப்படி எத்தனை கூட்டங்களில் நின்றிருப்பார்! ஆங்கிலம் வழக்கம்போல் உடைந்துதான் வந்தது, ஆனால் குரல் உடையவில்லை. பரிசீலிக்கிறோம் என்றார்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும், நானே எத்தனையோ பேருக்கு அதை எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அதற்கடுத்த மாதம் தொங்காப் பெண்ணும் வந்தாள். அவளுக்கு மூன்றாவது கடிதம் வராமலிருக்க, எங்கள் வரிசையில் கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஏற்றி வந்தார்கள். ஐந்தாவது கூட்டத்தில் தலைவர் எங்களைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். பரீட்சார்த்தமாக ஒரு பஸ் விடுவதாகத் தீர்மானமாயிற்று.

முதல் நாள் நானும் அதில் ஏறுவதற்காகவே கணவரை வழியிலிருந்த ஒரு பஸ் தரிப்பிடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடச் சொன்னேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. கவர்னர் சாரதிக்குப் பின் ஆசனத்தில் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வொருவரையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பெருமைக்கல்ல. ஆட்கள் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று கவலை. அடுத்த வாரமும் வீடு வீடாகப் போய் ஏறச் சொன்னார்.

அது நடந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் அவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. சிலியில் இராணுவ ஆட்சி முடிந்து தேர்தல்கள் திரும்பியிருந்தன. இப்போது பிராந்திய சபைகள் புதிதாக அமைக்கிறார்கள், நீ வந்து நில் என்று பழைய தோழர்கள் எழுதியிருந்தார்கள். கடிதத்தை எனக்கு வாசித்து மொழிபெயர்த்தபோதே அவர் முடிவெடுத்துவிட்டது தெரிந்தது.

பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த அவருடைய வாடகை வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மகளுக்கு இருபத்தொரு வயதிருக்கும், தாதியாக வேலை. தாய் ஸ்பானிய மொழியில் பேசினால் மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். என் பிள்ளைகளும் அந்தப் பாதையில் போகத் தொடங்கியிருந்ததால் எனக்கு அது புதிதாக இல்லை. மேசையில் திடீரென்று மகள் என்னிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்கோ. ஐம்பத்துநாலு வயசு. அந்த ஊர் அம்மாவை அடிச்சுத் துரத்தினது. அவைக்காக என்னை விட்டிட்டுப் போறா."

கவர்னர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். மகளுக்காக ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"என்னைத் துரத்தினது ஊர் இல்லை. நான் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில பறிச்சவங்கள். உன்னை வளர்க்கிற வேலை இருந்தது, அதைச் செய்து முடிச்சன். மற்றது இன்னும் முடியேல்லை."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் பின்னால் போகவில்லை. எழுந்து தட்டுகளைக் கழுவத் தொடங்கினார். நான் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

போனார். தோற்றார்.

அங்கே பிராந்திய சபைக்கு அப்போது மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. ஊர்களின் நகரசபை உறுப்பினர்கள்தான் தெரிவு செய்வார்கள். இரண்டு வாக்கு குறைந்ததாக எழுதியிருந்தார். தோல்வியைவிட அவரைச் சுட்டது இன்னொன்று. நாங்கள் இங்கே பட்டினி கிடந்து அடிவாங்கினோம், நீ நியூசிலாந்தில் வெண்ணெய் சாப்பிட்டாய் என்று ஒரு கூட்டத்தில் முகத்துக்கு நேரே கேட்டார்களாம். 'அவர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. அதனால் பதில் சொல்லவில்லை. நான் இல்லாத பதினேழு வருடத்தை முதலில் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

மகள் திரும்பி வரச் சொல்லி எழுதினாள். நானும் எழுதினேன், வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதென்று. அவர் வரவில்லை. படகுத்துறைப் பக்கம் ஒரு அறை எடுத்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். எங்கள் பென்ரோஸ் ஆங்கிலத்தை அங்கே ஒரு தலைமுறையே கற்றிருக்கும் என்று நினைத்து நானும் மகளும் சிரித்தோம். மிச்ச நேரமெல்லாம் பஸ்ஸிலும் படகிலும் ஊர் ஊராகப் போனார். தீவுகளில் பிரசவ வலி வந்தால் கடல் தணியும்வரை காத்திருக்க வேண்டும், அப்படிக் காத்திருந்து செத்த பெண்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். நோயாளிகளை ஏற்ற ஒரு படகு வேண்டும் என்பது அங்கிருந்து பிடித்துக்கொண்ட விஷயம்.

இதற்கிடையில் எனக்கும் வேலை மாறியது. நகரத்தில் ஒரு மருத்துவ நிலையத்தில் வரவேற்பு மேசை. தேர்தல் வந்தபோது மவுண்ட் ஆல்பர்ட் பள்ளி மண்டபத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமில்லாமல் வாக்குப் போட்டேன். கவர்னரின் மகள் மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வருவாள். தோசைக்கு என்று சொல்லுவாள், தாயைப் பற்றிக் கதைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். கோபம் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. ஒருமுறை லீவு எடுத்துப் போய் தாயோடு மூன்று வாரம் படகுகளில் அலைந்துவிட்டு வந்தாள். வந்தவள், "அங்க எல்லாருக்கும் அம்மாவைத் தெரியுது, ஆன்ட்டி. ஒருத்தரும் கவர்னர் எண்டு கூப்பிடேல்லை. டீச்சர் எண்டுதான் கூப்பிடீனம்," என்றாள்.

நாலு வருடம் கழித்து அடுத்த தெரிவு. ஒரு ஞாயிறு காலை, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மகள். முதலில் அழுகைதான் கேட்டது.

"அம்மா வெண்டிட்டா," என்றாள். "மூன்று வாக்கால."

வென்றபின் எல்லாம் நல்லபடி நடந்துவிடவில்லை. உள்ளூர்களை இணைக்க அவர் கேட்ட வீதி கடைசிவரை கிடைக்கவில்லை. படகுக்கான பிரேரணையை முதல் வருடம் தோற்கடித்தார்கள், இரண்டாம் வருடம் அரைமனதாக நிறைவேற்றினார்கள். படகு வந்து சேர இன்னும் ஒரு வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் அரைப் பக்கத்துக்கு மேல் போனதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டின் கடைசியில், மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, ஒரு மாதத்துக்கு ஆக்லாந்து வந்தார். முடி முழுக்க வெள்ளை. நடை கொஞ்சம் இழுத்தது. பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் மெதுவாக நடந்துகொண்டே கேட்டேன்:

"இதுவரை செய்தது காணாதா? இங்க மகளோட இருக்கலாமே. களைக்கேல்லையா உங்களுக்கு?"

"களைக்குது," என்றார். "காலமையில எழும்பேக்க முழங்கால் ரெண்டும் வாக்கெடுப்பு நடத்துது, போறதா விடுறதா எண்டு. இண்டுவரைக்கும் நான்தான் வெண்டுகொண்டிருக்கிறன். அடுத்த முறையும் நிக்கப் போறன்."

மகளின் வீட்டுக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. சிலியிலிருந்துதான். படகின் இயந்திரம் பழுதாகி ஐந்து நாளாகிறது, உதிரிப்பாகம் தலைநகரிலிருந்து அனுப்பவில்லை. மகளிடமிருந்து வாங்கிய குழந்தையை அப்படியே என் கையில் தந்துவிட்டு அவர் தொலைபேசியைப் பிடித்தார். ஒரு ஆளோடு முடிந்ததும் இன்னொரு எண்ணைச் சுழற்றினார். ஸ்பானிய மொழி எனக்குப் புரியாது. ஆனால் மறுமுனையில் ஒருவர் 'பரிசீலிக்கிறோம்' என்று சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கோட்டைக் கழற்றி அதன் முதுகில் மாட்டிவிட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டார். குழந்தை என் தோளில் தூங்கிப்போனது. மகள் தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்தாள்.